சேர்த்தலும் கற்றலும்: சீனப் பீங்கான் கழகத்தின் வரலாறு

பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்பது பொழுது போகாத செல்வரின் வேலை என்று எண்ணுவோர் பலர். விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதோடு அது முடிந்துவிடுமாயின், அவ்வெண்ணம் பிழையன்று. ஆனால், சேர்த்தவர் தம்மையொத்த ஆர்வலரை வீட்டிற்கு அழைத்து, அலமாரியைத் திறந்து, பொருளை அவர்தம் கையிலே கொடுத்து, "இஃது எக்காலத்தது? எந்தச் சூளையில் வெந்தது?" என்று கேட்கத் தொடங்கும்போது, உடைமை கல்வியாக மாறுகிறது. சீனப் பீங்கானைப் பற்றி உலகம் இன்று அறிந்துள்ளவற்றுள் ஒரு பெரும்பகுதி இவ்வாறு பிறந்ததே ஆகும். அதற்குச் சான்றாக நிற்பது, 1921ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் தோன்றிய கீழைப் பீங்கான் கழகம்.

சீனரே முன்னோடிகள்

பழம்பொருளைப் போற்றும் கலையை மேலைநாட்டார் சீனருக்குக் கற்பிக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட சோங் பேரரசர் ஹுய்சோங், தம் அரண்மனையிலிருந்த பழைய வெண்கலக் கலங்களுக்குப் படங்களுடன் பட்டியல் வகுக்கச் செய்தார். 1388ஆம் ஆண்டில் ட்சாவ் ஜாவ் என்னும் அறிஞர், யாழ், ஓவியம், மைக்கல், வெண்கலம், பீங்கான் முதலியவற்றை மதிப்பிடும் முறைபற்றி ஒரு நூல் இயற்றினார். போலிகளைக் கண்டறியும் வழிகளையும் அவர் அதிற் கூறினார். வெண்ணிறப் பரப்பில் நீலத்தால் தீட்டிய கலங்களை அவர் நயமற்றவை என்று ஒதுக்கியது வியப்புக்குரியது. இன்று அக்காலத்து நீலவெண் கலங்களே பெருவிலை பெறுகின்றன. சுவை காலந்தோறும் மாறுவது. ஆதலின் விலையை வைத்துப் பொருளின் தகுதியை அளத்தல் இயலாது.

பன்னிருவர் கூட்டம்

கழகம் தோன்றியபோது அதன் உறுப்பினர் பன்னிருவரே. தலைவர் ஜார்ஜ் யூமார்போபுலஸ், லிவர்பூல் நகரில் 1863இல் பிறந்த கிரேக்க மரபினர். இந்தியாவிலும் பெருவணிகம் நடத்திய ராலி சகோதரர் நிறுவனத்தில் பணியாற்றியவர். பிரிட்டிஷ் அரும்பொருட்காட்சிசாலையின் பீங்கான் அறிஞர் ஹாப்சனும் கழகத்தில் இருந்தார். வணிகரும் அறிஞரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்ததுதான் இக்கழகத்தின் சிறப்பு. வணிகரிடம் பொருள் இருந்தது. அறிஞரிடம் நூலறிவு இருந்தது. ஒருவரின்றி மற்றவர் நெடுந்தொலைவு சென்றிருக்க இயலாது.

அவர்கள் உறுப்பினர் இல்லங்களில் கூடினர். கலம் கைக்குக் கை சென்றது. பீங்கானைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று கற்க இயலாது. எடுத்துப் பார்த்தால் அதன் எடை தெரியும். கவிழ்த்துப் பார்த்தால் அடிவளையம் எவ்வாறு கடையப்பட்டது என்பதும், மெருகு படாத இடத்தில் மண்ணின் நிறம் யாது என்பதும் தெரியும். ஒளிக்கு நேரே பிடித்தால் மெல்லிய பீங்கானில் விரலின் நிழல் தோன்றும். அடியில் எழுதியிருக்கும் அரசர் பெயரை மட்டும் நம்பினால் ஏமாற்றமே கிட்டும். முந்தைய மிங் அரசர்களின் பெயரைப் பிற்காலக் குயவர் தம் கலங்களில் தாராளமாக எழுதினர். அவற்றுள் எல்லாமே ஏமாற்றும் நோக்கத்துடன் எழுதப்பட்டவையல்ல. முன்னோரைப் போற்றி எழுதியனவும் உண்டு. ஒருவர் தவறினால் மற்றொருவர் திருத்த வேண்டியிருந்தது. நண்பர் கூட்டத்தின் பயன் இதுவே.

பம்பாயில் பிறந்த பெருஞ்சேகரிப்பாளர்

இவ்வட்டத்தில் புகழ்பெற்ற மற்றொருவர் சர் பெர்சிவல் டேவிட். அவர் 1892இல் பம்பாயில் யூதப் பெருவணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர். கண்ணுக்கு இனியவற்றை மட்டும் அவர் வாங்கவில்லை. எழுத்துப் பொறித்த கலங்களை விரும்பித் தேடினார். கலத்தில் எழுத்து இருப்பின் அது வரலாற்று ஆவணமன்றோ? அவ்வெழுத்தைத் தாமே படிப்பதற்காகச் சீனமொழியும் பயின்றார். ட்சாவ் ஜாவின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அப்பெயர்ப்பு, 1964இல் அவர் மறைந்த பின்னர், 1971இல் வெளிவந்தது.

சோங் அரசவைக்கெனச் சிறிது காலமே செய்யப்பட்ட 'ரூ' என்னும் கலங்களைப் பற்றி அவர் 1930களில் சீன நூல்களைத் திரட்டி ஆராய்ந்து எழுதினார். மழை ஓய்ந்த வானம்போன்ற வெளிர்நீல மெருகும், அடியில் எள்ளளவான தாங்கித் தழும்புகளும் அவற்றின் அடையாளம். வழிவழியாகக் காக்கப்பட்டு வந்தவை உலகெங்கும் நூற்றுக்கும் குறைவே. அவை வெந்த சூளை ஹெனான் மாநிலத்துச் சிங்லியாங்சி சிற்றூரில் இருந்தது என்பது 1980களில்தான் கண்டறியப்பட்டது.

இரண்டு சாடிகள்

டேவிட் சேர்த்தவற்றுள் தலையாயவை இரண்டு நீலவெண் சாடிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 63 செண்டிமீட்டர் உயரம். கழுத்தின் இருபுறமும் யானைத்தலைக் கைப்பிடிகள். உடலில் மேகத்திடையே பறக்கும் பறவைநாகம். கழுத்தில் நீலத்தால் ஒரு வேண்டுதல் எழுதப்பட்டுள்ளது. யூஷான் வட்டத்தைச் சேர்ந்த ஜாங் வென்ஜின் என்னும் பக்தர், தம் குடும்பத்தார் நலமும் பிள்ளைகளின் அமைதியும் வேண்டி, ஓர் ஊதுவத்திக் கலத்தையும் இரு சாடிகளையும் கோயிலொன்றிற்குக் காணிக்கையாக்கினார் என்பது அதன் செய்தி. ஆண்டும் குறிக்கப்பட்டுள்ளது, அது கி.பி. 1351 ஆகும்.

இந்த ஆண்டுக் குறிப்பு ஒரு கொள்கையையே புரட்டியது. நீலவெண் கலத்தின் உயர்நிலை மிங் காலத்துக்கே உரியது என்று பலர் கருதி வந்தனர். மிங் ஆட்சி 1368இல் தொடங்கியது. அதற்கு 17 ஆண்டுகள் முன்பே, மங்கோலிய யுவான் ஆட்சியில், இத்துணைத் தேர்ந்த வேலை நடந்திருக்கிறது! ஹாப்சன் 1929இல் இச்சாடிகளைப் பற்றி எழுதினார். பிரிந்து இருவரிடம் இருந்த அவை பின்னர் டேவிட்டிடம் ஒன்று சேர்ந்தன. ஆயினும் அவற்றின் முழுப்பயன் 1950களில்தான் விளைந்தது. அமெரிக்க அறிஞர் ஜான் அலெக்சாண்டர் போப், இஸ்தான்புல் அரண்மனையிலும் ஈரானின் அர்டெபில் திருத்தலத்திலும் இருந்த சீனக் கலங்களை இச்சாடிகளோடு ஒப்பிட்டு, 14ஆம் நூற்றாண்டுக் கலங்கள் எவை எனப் பிரித்துக் காட்டினார். ஆண்டு பொறித்த இரு சாடிகள், ஆண்டு பொறிக்காத பல கலங்களுக்கு அளவுகோலாயின. அவற்றோடு காணிக்கையான ஊதுவத்திக் கலம் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

வந்த வழி

இக்கலங்கள் லண்டனுக்கு எவ்வாறு வந்தன என்பதையும் மறைத்தலாகாது. 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங் அருகிலிருந்த கோடை அரண்மனையைக் கொள்ளையிட்டுத் தீக்கிரையாக்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருப்புப்பாதை அமைக்க நிலத்தை வெட்டியபோது பழங்கல்லறைகள் திறந்தன. அவற்றிலிருந்த உருவங்கள் சந்தைக்கு வந்தன. 1911 புரட்சிக்குப்பின் வறுமையுற்ற அரச குடும்பம் அரண்மனைப் பொருள்களை அடகு வைத்தது. நேரிய விலைக்கு வாங்கியோரும் இக்குழப்பத்தினால் பயனடைந்தவரே.

1935 நவம்பரிலிருந்து 1936 மார்ச் வரை லண்டனில் மாபெரும் சீனக் கலைக் கண்காட்சி நடந்தது. அதனை முன்னின்று நடத்தியவர் டேவிட். சீன அரசு இரவல் தந்த அரண்மனைச் செல்வங்களைப் போர்க்கப்பல் ஒன்று சுமந்து வந்தது. 3,000க்கும் மேற்பட்ட பொருள்களைக் காண 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். நாட்டின் செல்வத்தைக் கடல்கடந்து அனுப்பலாகாது என்று சீன அறிஞர் சிலர் வெளிப்படையாக எதிர்த்தனர். அவர்கள் அச்சம் நியாயமானது. முன்னர்ப் போன பொருள்கள் திரும்பியதை அவர்கள் கண்டதில்லை.

சேர்த்தவர் மறைந்தபின்

சேகரிப்பின் உண்மைத் தேர்வு, சேர்த்தவர் அதனைக் கைவிடும்போதுதான் வருகிறது. யூமார்போபுலஸ் 1934இல் தம் தொகுதியை விற்க முற்பட்டபோது, சந்தை மதிப்பினும் மிகக் குறைவாக 1,00,000 பவுனுக்கு, லண்டனின் இரு பெருங்காட்சிசாலைகளுக்கே அதனைக் கொடுத்தார். டேவிட் 1950இல் தம் தொகுதியை லண்டன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். 1952இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பணமுடையால் அந்த இல்லம் 2007இல் மூடப்பட்டது. 2009 முதல் அக்கலங்கள் பிரிட்டிஷ் அரும்பொருட்காட்சிசாலையில் வைக்கப்பட்டன. ஏறத்தாழ 1,700 கலங்கள் கொண்ட இத்தொகுதி நிலையான கொடையாக அக்காட்சிசாலைக்கே வழங்கப்படுவதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. அதன் மதிப்பு சுமார் 100 கோடி பவுன்.

நம் கரைகளில்

லண்டன் கூட்டத்தின் வழியில் சிங்கப்பூரிலும் 1969ஆம் ஆண்டில் தென்கிழக்காசியப் பீங்கான் கழகம் அமைந்தது. அதற்குரிய பொருள் இங்கேயே நிறைந்திருந்தது. போர்னியோவின் நீள்வீடுகளில் சீனச் சாடிகள் தலைமுறை தலைமுறையாகக் குலச்சொத்தாய் விளங்கின. கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிலும் சீனச் சில்லுகள் கிடைத்துள்ளன. 1984இல் சிங்கப்பூர்க் கென்னிங் மலையில் தொடங்கிய அகழ்வு 14ஆம் நூற்றாண்டுப் பீங்கான் துண்டுகளை வெளிக்கொணர்ந்தது. தமிழகத்தில் இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீனச் சில்லுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இத்தகைய சில்லுகளில் பெரும்பாலானவற்றில் ஆண்டு எழுதப்பட்டிருக்கவில்லை. அவற்றின் காலத்தை அறியக் காலம் தெரிந்த கலங்களோடு ஒப்பிடுதலே துணை. ராபிள்ஸ் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிங்கப்பூரில் ஊரும் வணிகமும் இருந்தன என்று மண் சொல்வதைப் படிக்க முடிந்ததற்கு, யூஷான் வட்டத்துப் பக்தரின் வேண்டுதல் எழுத்தும், அதனைக் கையிலேந்திக் கூடிப்பேசிய நண்பர்களின் உழைப்பும் காரணங்களுட் சில. அவர்கள் பொருளைச் சேர்த்த வழியில் குறை உண்டு. ஆயினும் சேர்த்ததைப் பூட்டி வைக்காமல் பிறர்க்கும் கற்பித்தனர். அதனால் அவர்கள் பெற்ற அறிவு உலகுக்கெல்லாம் உரியதாயிற்று.