கொள்ளுப்பிட்டிப் போர்ட்டிக்கோவும் கட்டுக்குருந்தை ஓடுபாதையும்

காலிமுகத்திடலின் தென்முனையிலிருந்து பம்பலப்பிட்டி வரை கடலோரமாக நீளும் கொள்ளுப்பிட்டி, மோட்டார் கார் இலங்கைக்கு வருவதற்கு முன்பே வேகத்தைக் காணக் கூட்டம் திரண்ட இடத்தின் அயலாக இருந்தது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859 ஆம் ஆண்டில் மக்கள் உலாவுவதற்கென ஒழுங்குபடுத்திய காலிமுகத்திடலில் குதிரைப் பந்தயங்கள் நடைபெற்றன; 1893 இல் பந்தயத்திடல் கறுவாத்தோட்டத்துக்கு மாற்றப்பட்ட பின்னரே அந்தப் புல்வெளி மாலைநேர உலாவுக்கு முழுமையாக விடப்பட்டது. குதிரைகள் அகன்று பத்தாண்டளவில் அதே கடலோர வீதியில் முதல் கார்கள் ஓடத் தொடங்கின. கொழும்பில் கார்மீதான ஈடுபாடு செல்வந்தரின் பொழுதுபோக்காகப் பிறந்ததென்பது உண்மையே. ஆனால் அந்த ஈடுபாடு வேரூன்றி நிலைத்ததற்குக் காரணம் செல்வத்தைவிடப் பற்றாக்குறையே என்பதை அடுத்த நூற்றாண்டின் வரலாறு காட்டுகிறது.

இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் 1904 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இன்றும் காலிமுகத்திடலுக்கு அருகே, கொழும்பு 3 இல் இயங்கும் அச்சங்கம், ஆசியாவின் பழைமையான மோட்டார் அமைப்புகளுள் ஒன்று. அக்காலக் கார் உரிமையாளர்கள் பெரும்பாலும் தோட்டத்துரைமார், வணிகர், உயர் அதிகாரிகள் ஆகியோராக இருந்தனர்; சற்றுப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து சட்டத்தரணிகளாகவும் மருத்துவர்களாகவும் நிலைபெற்ற தமிழ்க் குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டன. கொள்ளுப்பிட்டியின் பெரிய வீடுகளில் குதிரைவண்டி வந்து நிற்பதற்கெனக் கட்டப்பட்டிருந்த போர்ட்டிக்கோ, அதாவது வாசலுக்கு முன்னால் தூண்களின்மேல் நிற்கும் கூரைப்பகுதி, காருக்கும் பொருத்தமாக அமைந்தது. பின்வளவில் இருந்த குதிரைலாயம் கார்க் கொட்டகையாக மாறியது. கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை இயக்கவும் வழியில் பஞ்சரான டயரைத் தாமே ஒட்டவும் வேண்டியிருந்த அந்தக் காலத்தில், காரை விரும்பியவர் அதன் இயந்திரத்தையும் ஓரளவு அறிந்தவராக இருக்க வேண்டியதாயிற்று. வீட்டுக் கராச்சின் தொடக்கம் இந்தத் தேவையில்தான் இருக்கிறது.

போட்டியாக ஓட்டுவதற்கு இடம் தந்தது மலைநாடு. மலையேற்றப் போட்டி என்பது கார்கள் ஒன்றையொன்று முந்தும் பந்தயமன்று. வளைவுகள் நிறைந்த ஏற்றமொன்றில் ஒவ்வொரு காரும் தனித்தனியே விடப்பட்டு, கடிகாரத்தில் மிகக் குறைந்த நேரம் எடுத்தவர் வென்றவராக அறிவிக்கப்படுவார். நுவரெலியாவுக்கு அருகேயுள்ள மகாகஸ்தோட்டையில் இத்தகைய போட்டி 1934 ஆம் ஆண்டில் தொடங்கி, நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தின் அங்கமாக நிலைபெற்றது. ராதெல்லவிலும் இத்தகைய போட்டி பின்னாளில் வழக்கமாயிற்று. வெயில் சுடும் கொழும்பிலிருந்து குளிர்நாடி மலையேறிய குடும்பங்களோடு அவர்களது கார்களும் ஏறின என்பதால், கொள்ளுப்பிட்டியின் கொட்டகையில் மாதக்கணக்கில் திருத்திச் சீராக்கப்பட்ட காரொன்று தன் திறனைக் காட்டும் இடம் நூறு மைல் தொலைவிலிருந்த தேயிலைத் தோட்டமாக அமைந்தது. அந்த மலைவீதிகளை வெட்டியவர்களுள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் பெருந்தொகையினர் என்பது பந்தயங்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. அது இடம்பெற்றாக வேண்டிய செய்தி.

இரண்டாம் உலகப் போர் வேறொரு களத்தைத் தந்துவிட்டுப் போனது. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் பிரித்தானியக் கடற்படை தன் விமானங்களுக்காக 1942 இல் அமைத்த தளம், போர் முடிந்ததும் பயனற்றுப் போயிற்று. அதன் நேரான, அகன்ற ஓடுபாதை பின்னர் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கான தடமாயிற்று. போர்க்கால ஓடுபாதைகள் பந்தயத் தடங்களாக மாறியது உலகெங்கும் நிகழ்ந்த ஒன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அவ்வாறு உருவானதே. சென்னைக்கு அருகேயுள்ள சோழவரத்திலும் அதுவே நடந்தது, அங்கு இலங்கை ஓட்டுநரும் சென்று போட்டியிட்டதுண்டு. சென்னையில் 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடமொன்று கட்டப்பட்ட பின் சோழவரம் ஓய்ந்தது. கட்டுக்குருந்தையோ தொடர்ந்து பழைய ஓடுபாதையாகவே நின்று பந்தயங்களை ஏற்றது.

அதே போர்க்காலத்தின் நினைவுப்பொருள் ஒன்று கொள்ளுப்பிட்டியிலேயே இருக்கிறது. பின்னாளில் எலிசபெத் மகாராணியின் கணவரான இளவரசர் பிலிப், 1940 இல் இளம் கடற்படை அலுவலராக இலங்கையில் இருந்தபோது 12 பவுண் கொடுத்துப் பழைய ஸ்டாண்டர்ட் நைன் காரொன்றை வாங்கினார். அது அவர் சொந்தமாக வாங்கிய முதற்கார். 1864 இல் தொடங்கப்பட்ட காலிமுக ஹோட்டலின் அரும்பொருள் கூடத்தில் அந்தக் கார் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. விலையுயர்ந்த கார் அது அல்ல. எளிய, சிறிய, பலமுறை கைமாறிய கார். இலங்கையின் பழங்கார் ஆர்வத்தின் இயல்பை அது மிகச் சரியாகவே எடுத்துக்காட்டுகிறது.

அந்த ஆர்வம் ஆழம்பெற்ற காலம் 1960களும் 1970களும் ஆகும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்குப் பின்னர் உதிரிப்பாகங்களும் அரிதாகின. புதிய கார் வராத நாட்டில் இருக்கும் காரைச் சாகவிடாமல் காப்பது ஒவ்வொரு குடும்பத்தின் வேலையாயிற்று. ஐம்பதுகளில் வந்திறங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், பியூஜோ போன்ற கார்கள் தம் பிறந்த நாடுகளில் பழைய இரும்பாகப் போய்விட்ட பின்னரும் கொழும்பில் ஓடிக்கொண்டிருந்தன. இந்த ஆயுளை நீட்டியவர்கள் கொம்பனித்தெருவிலும் மருதானையிலும் இருந்த கராச்களின் பாஸ்மார், அதாவது பள்ளிக்கூடச் சான்றிதழ் இன்றி உதவிப் பையன்களாகச் சேர்ந்து கைப்பழக்கத்தால் தேர்ந்த தொழில்வினைஞர்கள். அவர்களுக்குத் தேவையான பழைய பாகங்களைத் தேடித் தந்தது மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைச் சந்தை. தேய்ந்த இயந்திரமொன்றில் சிலிண்டரின் உட்சுவர் நீள்வட்டமாகிவிடும். அதை மீண்டும் வட்டமாகக் கடைந்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது, முப்பது, நாற்பது பங்கு பருத்த பிஸ்டன்களைப் படிப்படியாகப் போடுவார்கள். அதற்குமேல் கடைய இடமில்லாதபோது புதிய உறையைச் சிலிண்டருக்குள் இறக்கிப் பழைய அளவிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். இவ்வாறு ஓர் இயந்திரம் மூன்று தலைமுறைக்கு உழைத்தது.

கொள்ளுப்பிட்டியில் இயந்திரத்தைவிடக் கொடிய எதிரி துருவே. மேற்கிலிருந்து ஓயாது வீசும் உப்புக்காற்று தகட்டைத் தின்னும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனருக்குத் தனியான இரும்புச் சட்டகம் கிடையாது. தகட்டுடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவின் கீழ்ப்படியிலோ பின்வில்லைத் தாங்கும் இடத்திலோ துரு பிடித்தால் அழகு கெடுவதோடு நில்லாமல் காரின் முதுகெலும்பே முறியும். டிங்கர் வேலை எனப்படும் தகட்டுவேலையில் தேர்ந்தவர்கள், துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, புதிய தகட்டை மரக்கட்டையின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி வளைத்து, பற்றவைத்து, வேறுபாடு தெரியாமல் தேய்த்து முடித்தனர். இந்தத் திறமை வெளிநாட்டின் கண்ணிலும் பட்டது: இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையமொன்றை நடத்திய சார்ல்ஸ் வெயர், தமக்கு வேண்டிய உடற்தகடுகளைத் தென்னிலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுப்பிக்கும் தொழிற்சாலையொன்றுக்குக் கூட்டாளியானார். ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்த காரின் பாகங்கள் இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்குப் போயின. இலங்கைக் கராச்சுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைத்ததில்லை.

ஆனால் இதை வெறும் கைத்திறனின் வரலாறாக மட்டும் எழுதிவிட முடியாது. பழங்கார்களைச் சேர்ப்பவர்கள் ஒரு காரின் வயதை முதலில் இலக்கத்தகட்டிலிருந்தே கணிக்கிறார்கள்: இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ள தகடு ஐம்பதுகளையும் அதற்கு முந்தியதையும், சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள தகடு அதற்குப் பிந்தியதையும் குறிக்கும். சேகரிப்போருக்கு அது காலக்குறி. தமிழருக்கு அது அரசியல் தழும்பு. 1957 இல் இலக்கத்தகடுகளில் சிங்கள ஸ்ரீ கட்டாயமாக்கப்பட்டபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கியது. வடக்கு கிழக்கில் அந்த எழுத்து தமிழில் மாற்றி எழுதப்பட்டது, தெற்கில் தமிழ் எழுத்துகளின்மேல் தார் பூசப்பட்டது, 1958 மே மாதத்தில் பெருங்கலவரமும் மூண்டது. 1983 யூலையில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஆகிய இடங்களில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது போர்ட்டிக்கோக்களில் நின்ற கார்களும் எரிந்தன. தந்தையும் மகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்திப் பேணிய கார்கள் அவற்றுள் எத்தனை என்று எந்தப் பந்தய வரலாறும் எழுதவில்லை.

பற்றாக்குறை அதன் உச்சத்தைத் தொட்ட இடம் யாழ்ப்பாணம். 1990 முதல் நிலவிய பொருளாதாரத் தடையால் அங்கு பெற்றோல் கிடைக்காமற்போன காலத்தில், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரம் அதில் பற்றாது. எனவே காபரேட்டருக்குள், அதாவது எரிபொருளையும் காற்றையும் கலக்கும் உறுப்புக்குள், சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைப் பீய்ச்சி இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய பிரித்தானிய இயந்திரங்களில் எரிபொருள் கலவை குறைந்த அளவிலேயே அமுக்கப்படுவதால் அவை தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. அக்காலப் புதிய கார்கள் அதைப் பொறுத்திரா. எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும் என்பதால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. வேறெங்கும் காட்சிப்பொருளாகிவிட்ட கார் அங்கு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர், தென்னிலங்கைச் சேகரிப்பாளர்கள் யாழ்ப்பாணம் சென்று அந்தக் கார்களைத் தேடி வாங்கினர். கொழும்பில் இன்று பளபளக்கும் பழங்கார்கள் சிலவற்றின் நடுப்பகுதி வாழ்வு அங்கே கழிந்தது.

இதற்கிடையில் தெற்கில் நிலைமை முழுதாக மாறிவிட்டிருந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானியக் கார்கள், குறிப்பாக ரீகண்டிஷன் எனப்படும் பாவித்துச் சீராக்கிய கார்கள், பெருந்தொகையாக வந்திறங்கின. பந்தயங்களின் பிரிவுகளும் அதற்கேற்ப மாறின. மினி செவன் போன்ற பழைய பிரிவோடு ஃபோர்ட் லேசர், மஸ்டா, நிசான் மார்ச் ஆகியவற்றுக்கென அமைந்த பிரிவுகள் சேர்ந்தன. ஒரே வகைக் காரை ஒரே விதிக்குள் ஓட்டச்செய்யும் இப்பிரிவுகள், பணத்தைவிட ஓட்டுத்திறனுக்கும் கராச் வேலைக்கும் மதிப்பளித்தமை பாராட்டத்தக்கது. 1993 இல் தியத்தலாவையில் இராணுவக் கல்விக்கழகத்தின் ஆதரவில் தொடங்கிய ஃபொக்ஸ்ஹில் மண்தடப் பந்தயம் புதிய பார்வையாளர் கூட்டத்தையும் உருவாக்கியது.

தாராளம் நிரந்தரமாகவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 யூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி முறையில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் மட்டுமே தொடக்கத்தில் கிடைத்தது. விருப்பத்துக்காகக் காரை ஓட்டுவது இயலாமற்போன அந்த மாதங்களில் ஆர்வலர்கள் கொட்டகைக்கே திரும்பினர். கைவிடப்பட்டிருந்த பழங்கார்களின் விலை ஏறியது, பஞ்சிகாவத்தை மறுபடியும் அறுபதுகளின் முக்கியத்துவத்தைப் பெற்றது. தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்ப அனுமதிக்கப்பட்டாலும், உயர்ந்த வரிகளால் புதிய கார் பெரும்பாலானோரின் கைக்கெட்டாததாகவே உள்ளது.

கொள்ளுப்பிட்டியின் பழைய வளவுகள் இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன. போர்ட்டிக்கோ இருந்த இடத்தில் நிலத்தடி வாகனத் தரிப்பிடம் இருக்கிறது, அங்கே பொனெட்டைத் திறந்துவைத்து வேலை செய்ய எவரும் விடுவதில்லை. பந்தயங்களின் பெறுபேறுகள் கழகங்களின் ஏடுகளில் ஓரளவு எஞ்சியுள்ளன. பாஸ்மாரின் அறிவோ எங்கும் எழுதப்படவில்லை. பழைய பதிவுப் புத்தகம், கராச் பற்றுச்சீட்டு, மகாகஸ்தோட்டை அல்லது கட்டுக்குருந்தைப் பந்தய நிகழ்ச்சிநிரல், 1983க்கு முந்திய குடும்பக் கார்ப் படம் ஆகியவற்றுள் எதை வைத்திருப்போரும் அதைப் பழங்கடதாசியாக எறிந்துவிடாமல் நூலகமொன்றிடமோ ஆவணக் காப்பகமொன்றிடமோ ஒப்படைக்க வேண்டும். முதிய பாஸ்மாரை அறிந்தவர்கள் அவர்களது சொற்களை இப்போதே பதிவுசெய்துகொள்ள வேண்டும்.