கறையாக வந்த நீலம்

1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் ஓர் இரும்புக் கொப்பரையின் உள்பூச்சு விரிசல் விட்டது. உருகிய தாலிக் அன்ஹைட்ரைடில் அம்மோனியாவைச் செலுத்தி வெள்ளைப் பொருள் ஒன்றைத் தயாரிக்கும் கொப்பரை அது. கலவை இரும்பைத் தொட்ட இடத்தில் நீலப்பச்சைக் கறை படிந்தது. 1907இலும் 1927இலும் வேறு வேதியியலாளர்கள் இதே குடும்பத்து நீலத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்திருந்தார்கள். இங்கே யாரோ அதைக் கழுவிக் கொட்டாமல் எடுத்து வைத்தார்கள்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் லின்ஸ்டெட் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்தார்: பெரிய வளையம், நடுவே ஓர் உலோக அணு. பெயர் தாலோசயனின். நடுவில் செம்பு உள்ள வகை 1935இல் ‘மொனாஸ்ட்ரல் புளூ’ என்று கடைக்கு வந்தது. வெயிலுக்கு வெளுக்காத நீலம். வண்ண அச்சில் சயான் மையாக இன்றும் ஓடுகிறது.

1960இல் லேசர் பிறந்ததும் இந்த நீலத்துக்கு வேறொரு வேலை காத்திருந்தது. கண் இமைக்கக் கால் நொடி ஆகும்; லேசர் துடிப்போ சில நானோநொடிகளில் விழித்திரையைச் சுட்டுவிட்டுப் போய்விடும். எப்போதும் கறுப்பாக இருக்கும் கண்ணாடி போட்டால் பார்க்கவே முடியாது. சாதாரண வெளிச்சத்தை விட்டு, கடும் வெளிச்சத்தை மட்டும் தடுக்கும் பொருள் வேண்டும்.

சாதாரணச் சாயம் ஒளியைக் குடித்து வயிறு நிறைந்ததும் மிச்சத்தை விட்டுவிடும். தாலோசயனின் குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறும் ரகம். ஒளிபட்டுக் கிளர்ந்த மூலக்கூறு, கிளராததைவிடப் பச்சை ஒளியை அதிகம் விழுங்கும். நடுவில் இண்டியம் போன்ற கனமான அணுவை வைத்தால், அந்தக் கிளர்ந்த நிலைக்கு விரைவாகப் போய், துடிப்பு முடியும்வரை அங்கேயே நிற்கும். சாய மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்காகிவிட்டால் இந்தக் குணம் கெடும். அதனால் பக்கக் கிளைகளைப் பருமனாக்கி, தெளிந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் தனித்தனியே சிறைவைத்தார்கள். 1996இல் ஜோசப் பெர்ரி குழுவினர் இண்டியம் தாலோசயனினைக் கதிரின் பாதையில் ஒரே சீராகப் பரப்பாமல் செறிவை மாற்றி வைத்து, 8 நானோநொடிப் பச்சைத் துடிப்பை 540 மடங்குவரை மட்டுப்படுத்தினார்கள்.

சாதனைதான். ஆனாலும் இதை மூக்குக் கண்ணாடியாக மாட்டிக்கொள்ள முடியாது. சிவப்பு லேசரிடம் இந்த வித்தை பலிக்காது. சிவப்பைச் சாயம் முதலிலிருந்தே விழுங்குகிறது, கிளர்ந்தபின் கூடுதலாக விழுங்க ஒன்றுமில்லை. பச்சையிலும் ஒளி நன்றாகக் குவிந்தால்தான் தாகம் கிளம்பும். எனவே பைனாகுலரின் உள்ளே லென்ஸ் ஒளியைக் குவிக்கும் புள்ளிதான் இதற்கு ஏற்ற இடம். பிளாஸ்டிக் முதலில் கருகுவதும் அதே புள்ளியில்தான்.