இடைமருதூரும் தஞ்சை மராட்டியரும்: சிறுபான்மைப் பண்பாடு நாட்டாக்கத்தில் எய்திய நிலை

1. ஆய்வுப் பொருள்

ஒரு நிலப்பகுதி பேரரசு நிலையினின்று குடியரசு நிலைக்கு மாறுங்கால் ஆட்சிமுறை மட்டும் மாறுவதில்லை. எம்மொழி அலுவலுக்குரியது, எவ்வெழுத்துக் கல்விக்குரியது, நாட்டினர் யாவர், அயலார் யாவர் என்னும் வினாக்களும் உடனெழுகின்றன. உதுமானியப் பேரரசு மறைந்து 1923-இல் துருக்கிக் குடியரசு தோன்றிய வரலாறு இதற்குப் பலரும் காட்டும் சான்று. ஆயின் அவ்வினாக்கள் காவிரி நாட்டிலும் எழுந்தன. தஞ்சையை ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆண்ட மராட்டியர் மொழியாலும் எழுத்தாலும் சிறுபான்மையினர். அவர்தம் ஆட்சி நீங்கிய பின்னர் அவர்தம் பண்பாட்டில் எது நின்றது, எது மறைந்தது, ஏன் மறைந்தது என்பவற்றைத் திருவிடைமருதூரை நடுவாக வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வொப்பீட்டுக்கு ஓர் எல்லையுண்டு. அனத்தோலியாவின் கிரேக்கரும் ஆர்மீனியரும் ஆளப்பட்ட மக்கள். 1915-இல் ஆர்மீனியர் உற்ற பேரழிவு உலகறிந்தது. தஞ்சை மராட்டியரோ படையொடு வந்து ஆண்டவர். ஆகவே இங்கு ஒப்பிடப்படுவது துன்பத்தின் அளவன்று. ஆட்சி மாற்றத்தில் மொழியும் எழுத்தும் எய்திய நிலையே என்க.

2. பன்மொழி அவை

1676-ஆம் ஆண்டளவில் ஏகோசி தஞ்சையைக் கைக்கொண்டார். அவர் மைந்தர் சாகசி (1684-1712) திருவிசைநல்லூரை 1693-இல் புலவர்க்குத் தானமாக வழங்கினார். இவ்வூர் திருவிடைமருதூருக்கு அணிமையிலுள்ளது. வடமொழி, தெலுங்கு, மராட்டி, தமிழ் ஆகியன அவ்வரசவையில் ஒருங்கே பயின்றன. சாகசியின் பெயரால் வழங்கும் பஞ்சபாஷா விலாச நாடகம் ஐந்து மொழிகளை ஒரு மேடையில் பேசவைப்பது. பின்வந்த இரண்டாம் சரபோசி (1798-1832) தமிழ்க் குறவஞ்சி யாப்பை மேற்கொண்டு, உலக நிலவியல் கூறும் தேவேந்திரக் குறவஞ்சியை மராட்டியில் இயற்றினார். அவரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைத் தமிழில் பாடினார். ஒரே இலக்கிய வகை இருமொழிக்கும் பொதுவாயிற்று.

எனினும் அரசின் மொழி மராட்டியே. அலுவலக ஏடுகள் மோடி எழுத்தில் எழுதப்பட்டன. 1803-இல் சரபோசி தம் குலவரலாற்றைத் தஞ்சைப் பெரியகோயிற் சுவரில் மராட்டி மொழியில் பொறித்தார். முதலாம் இராசராசனின் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்த கோயிலிலேயே வேற்றுமொழி அரசமரபு தன் வரலாற்றையும் எழுதி வைத்தது. ஆளும் சிறுபான்மை நாட்டின் நெஞ்சகமான இடத்தில் தனக்கொரு நிலையான இடம் தேடியதாக இதனைக் கருதலாம்.

3. இடைமருதூர் அரண்மனை

1787-இல் துளசா மன்னர் மறைந்தபின் அவர்தம் உடன்பிறந்தாராகிய அமரசிம்மர் அரசேற்றார். 1798-இல் ஆங்கிலக் கும்பினியார் அவரை நீக்கிச் சரபோசியை அமர்த்தினர். மறுஆண்டு உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி கும்பினியார் கைப்பட்டது. கோட்டையும் அதன் சூழலுமே சரபோசிக்கு எஞ்சின. அரசிழந்த அமரசிம்மர் உதவித்தொகை பெற்றுத் திருவிடைமருதூரில் வாழ்ந்து 1802-இல் மறைந்தார். அவர் மைந்தர் பிரதாபசிம்மரும் அங்கேயே தங்கினார்.

நாடும் படையும் இல்லாத அவ்வரண்மனையில் எஞ்சியது கலை ஒன்றே. கனம் கிருஷ்ணையர் இவ்வவையில் விளங்கினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவ்வவையிலிருந்த இராமதாசரிடம் இந்துத்தானி இசை பயின்றார் என்பது இசை வரலாற்றாசிரியர் கூறும் செய்தி. புலையர் குலத்து அடியாரின் வரலாற்றைத் தமிழில் பாடிய ஒருவர் வடநாட்டிசையைப் பெற்ற வாயில், மராட்டிய இளவரசரின் அவையாக இருந்தமை கருதத்தக்கது. மராட்டியக் கீர்த்தனக்காரர் வழியாகச் சாகி, திண்டி, ஓவி முதலிய யாப்புகள் தமிழ்க் கதாகாலட்சேபத்துட் புகுந்ததும் இத்தகைய கலப்பின் பயனே. இவற்றுள் எதுவும் ஆணையால் நிகழ்ந்ததன்று.

இங்கே மற்றொரு சான்றும் உளது. மகாலிங்கப் பெருமான் கோயிலுக்கு அரசகுலப் பெண்மணியாகிய அம்மணி அம்மாள் பாவைவிளக்கொன்றினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அளித்தார். பிரதாபசிம்மரை மணக்க வேண்டி நேர்ந்துகொண்ட நோன்பு நிறைவேறியமைக்காக ஏற்றிய விளக்குகளுள் ஒன்றாகத் தம்முருவையே விளக்கேந்திய பாவையாக வார்ப்பித்தார். அதன் பீடத்திலுள்ள எழுத்து தமிழ். 1803-இல் அரசர் தம் குலப்பெருமையை மராட்டியில் பொறித்தார். ஏறத்தாழ அரைநூற்றாண்டின் பின் அக்குலத்துப் பெண் தம் நெஞ்சின் வேண்டுதலைத் தமிழில் பொறித்தார். முன்னது அரசு பேசிய மொழி. பின்னது தெய்வத்தின் முன்னும் ஊரார் முன்னும் பேசிய மொழி. ஒரு சிறுபான்மை தன்னைச் சூழ்ந்த மக்களோடு கலந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

4. பேரரசின் கீழ்

1855-இல் இரண்டாம் சிவாசி ஆண்மகவின்றி இறந்தார். கும்பினியார் அரசுரிமையை நீக்கினர். அரண்மனைச் சொத்துகளையும் கைக்கொண்டனர். மூத்த அரசியாராகிய காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். சென்னை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயின் 1859-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதனை மாற்றி, இஃது அரசின் செயலாதலின் நீதிமன்றம் தலையிடுதற்கில்லை என்றது. 1862-இல் சொத்துகள் அரசின் அருளாகத் திருப்பியளிக்கப்பட்டன, உரிமையாக அன்று. ஆண்டகுலம் வெறும் குடும்பமாயிற்று.

அதே காலத்தில் தஞ்சை மராட்டியர் மரபினர் பலர் ஆங்கிலக் கல்வி பெற்று அரசியற் பணியில் உயர்ந்தனர். 1828-இல் கும்பகோணத்திற் பிறந்த சர் தி. மாதவராவ் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று நாடுகளின் திவானாக விளங்கியது இதற்குச் சான்று. அரசு போனபின் அச்சிறுபான்மைக்கு வாழ்வளித்தது ஆங்கிலமேயன்றி மோடி எழுத்தன்று. எழுத்து மறையத் தொடங்கியது குடியரசுக் காலத்திலன்று, பேரரசுக் காலத்திலேயே என்பது இதனாற் பெறப்படும்.

5. துருக்கி சென்ற வழி

இனித் துருக்கியை நோக்குவோம். 1923 சனவரி 30-இல் கிரேக்க நாட்டிற்கும் துருக்கிக்குமிடையே மக்கட் பரிமாற்ற உடன்படிக்கை ஏற்பட்டது. முன்னரே தப்பியோடியவரையும் சேர்த்து ஏறத்தாழப் 12 இலட்சம் கிறித்தவர் அனத்தோலியாவை விட்டனர், 3.5 இலட்சத்துக்கு மேற்பட்ட முசுலிம்கள் கிரேக்கத்தினின்று வந்தனர். பிரித்தற்குக் கொண்ட அளவுகோல் சமயமேயன்றி மொழியன்று. துருக்கி மொழியையே தாய்மொழியாகப் பேசி, அதனைக் கிரேக்க எழுத்தில் எழுதிய கரமானியக் கிறித்தவர் கிரேக்கராகக் கருதி வெளியேற்றப்பட்டனர். கிரேக்கமே பேசிய கிரீட் தீவு முசுலிம்கள் துருக்கியராகக் கருதப்பட்டனர். அவ்வாண்டு சூலைத் திங்களில் முடிந்த இலோசான் உடன்படிக்கை சிறுபான்மையோர் என்னும் பெயரால் முசுலிம் அல்லாதாரையே குறித்தது. ஆகவே குர்து மொழியினர் அதனுள் அடங்கிலர்.

1928 நவம்பர் முதல் நாள் இயற்றிய சட்டம் அரபு எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தைப் புகுத்தியது. கல்வி பரவ இம்மாற்றம் துணைசெய்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் ஒரு தலைமுறைக்குள் துருக்கியர் தம் பாட்டனார் எழுதிய மடலையும் கல்லறை எழுத்தையும் தாமே படிக்க இயலாதவராயினர். உதுமானிய ஆவணங்கள் இசுதான்புல்லில் குவிந்துள்ளன. அவற்றைப் படிக்க விரும்பும் துருக்கி மாணவரும் அவ்வெழுத்தைத் தனியே கற்றாக வேண்டும்.

6. இந்தியக் குடியரசு சென்ற வழி

1947-இல் வடமேற்கிலும் கிழக்கிலும் சமயத்தை அளவுகோலாகக் கொண்ட பிரிவினையின் கொடுமையை நம் நாடும் கண்டது. எனினும் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 29-ஆம் உறுப்பு, தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எப்பகுதி மக்களுக்கும் அதனைக் காத்துக்கொள்ளும் உரிமையை வழங்கியது. இதில் எழுத்து என்னும் சொல் தனியே இடம்பெற்றமை நோக்கத்தக்கது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன; அவ்வாண்டே சென்னை மாநிலம் தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் இயற்றியது. அத்திருத்தத்தின்கண்ணே சிறுபான்மை மொழியினர் குழந்தைகட்குத் தொடக்கக்கல்வி தாய்மொழியில் அளித்தற்குரிய 350-அ உறுப்பும் சேர்ந்தது.

ஆகவே தஞ்சை மராட்டியரின் எழுத்தை எவரும் தடைசெய்யவில்லை. எனினும் அது மறைந்தது. மராட்டிய நாட்டிலேயே அச்சுக்கு நாகரி எழுத்தே நிலைபெற, மோடி எழுத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டது. தஞ்சையில் மராட்டி வீட்டுமொழியாகச் சுருங்கியது. இடைமருதூரை அடுத்த திருபுவனத்துப் பட்டுநெசவாளராகிய சௌராட்டிரரும் வீட்டில் தம் மொழியைப் பேசுகின்றனர், தமிழில் எழுதுகின்றனர். உரிமை ஏட்டில் இருத்தல் வேறு. பயிற்சி நாட்டில் இருத்தல் வேறு. துருக்கியில் ஆணை செய்ததை இங்கே பயிற்சியின்மை செய்தது. விளைவு ஒன்றே: ஆவணம் இருக்கிறது, படிப்பார் அரியர்.

7. மோடி ஆவணங்களும் தமிழ் ஆய்வும்

இது மராட்டியர்க்கு மட்டும் உரிய இழப்பாயின் தமிழ் ஆராய்ச்சியாளர் இரங்குவதோடு அமையலாம். அவ்வாறன்று. சரசுவதி மகால் நூலகம் 1918-இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அங்குக் கட்டுக்கட்டாக உள்ள மோடி ஆவணங்கள் பேசுவது தஞ்சைத் தமிழரின் வாழ்வையே: சத்திரங்களில் நிகழ்ந்த அறம், கோயில் விழாச் செலவு, ஆடுமகளிர்க்கும் நட்டுவனார்க்கும் தந்த ஊதியம், மருத்துவம், பண்டங்களின் விலை. கே. எம். வேங்கடராமையா இவ்வாவணங்களைத் துணைக்கொண்டு எழுதிய நூலைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1984-இல் வெளியிட்டது. 1989-இல் தமிழாக்கமும் குறிப்புரையும் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அவை தமிழில் வந்தபின்னரே தஞ்சையின் ஆடல், இசை, அறநிலைய வரலாறு பல இடங்களில் தெளிவுபெற்றது. ஆயினும் தமிழாக்கம் பெற்றது ஒரு பகுதியே; எஞ்சியது மிகுதி.

கல்வெட்டுப் படிக்க வட்டெழுத்தும் கிரந்தமும் பயில்கின்ற தமிழ் மாணவர், பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சையை ஆராயப் புகின் மோடி பயிலாது முழுமை காண்டல் அரிது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதனை அயல்மொழிப் பயிற்சி என எண்ணாது தமிழ் வரலாற்றின் கருவிக்கல்வியாகவே கொள்ளுதல் வேண்டும்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். தஞ்சை மராட்டியரின் இசையும் கதையும் வழிபாடும் வற்புறுத்தலின்றித் தமிழோடு கலந்து நிலைபெற்றன. அவர்தம் எழுத்தோ பேரரசுக் காலத்தில் பயனிழந்து, குடியரசுக் காலத்தில் பயில்வாரின்றி நின்றது. தடைசெய்யாமை ஒன்றே ஒரு சிறுபான்மைப் பண்பாட்டைக் காவாது, கற்பித்தலும் வேண்டும். அக்கற்பித்தலாற் பயன்பெறுவோர் சிறுபான்மையினர் மட்டுமல்லர். அவர்தம் ஏடுகளில் தம் முன்னோரின் பெயரும் வாழ்வும் எழுதப்பெற்றிருக்கும் பெரும்பான்மைத் தமிழருமே ஆவர்.