காற்றை அளக்கும் கடல் கண்ணாடி



1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் காடு மேடெல்லாம் ஏறி வந்தார். நம் மலை அவர் பெயரைப் பெற்றது. 1929-இல் இங்கே தேயிலைத் தோட்டம் தோன்றியது. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் நின்று வானத்தைப் பார்த்து, "இன்னிக்கு மழை கொட்டும் போலிருக்கே!" என்று சொன்னவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்த அனுபவ அறிவு பெரிதுதான். ஆயினும், தொலைதூரக் கடலில் சுழலும் காற்றை மலைமேல் நின்று காண இயலுமா?

நிலநடுக்கோட்டின் அருகே புயல் வராது என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. 2001 டிசம்பர் 27-ஆம் நாள் 'வாமெய்' புயல் ஜோகூரில் கரையேறி அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. ஜோகூரிலும் நம் பகாங்கிலும் வெள்ளம் புகுந்தது.

கடற்காற்றை அளக்க ஒரு புதுவழி பிறந்த கதை சுவையானது. வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் முதலாவது 1978-இல் ஏவப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை அனுப்பும் வானொலி அலைகள் கடலிலும் பட்டுத் தெறிக்கின்றன. வீணாகிப் போன அந்த எதிரொலியைக் கொண்டே கடல் மட்டத்தை அளக்கலாமே என்று 1993-இல் எழுதினார் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மார்ட்டின் நெய்ரா. பின்னர், 2003-இல் ஏவப்பட்ட பிரிட்டிஷ் சிறு செயற்கைக்கோள் ஒன்று அந்த எதிரொலியை விண்ணிலேயே பிடித்துக் காட்டியது.

காற்றில்லாத குளத்தில் நிலா முழுசாகத் தெரியும். காற்றடித்தால் சிதறிப் போகும் அல்லவா? கடலிலும் அதே கதைதான். எதிரொலி எவ்வளவு சிதறுகிறதோ, காற்றும் அவ்வளவு வலிது. 2016 டிசம்பர் 15-இல் அமெரிக்காவின் நாசா ஏவிய எட்டு 'சிக்னஸ்' சிறு கோள்கள் கடலை ஆராய அலை அனுப்புவதில்லை. காது கொடுத்துக் கேட்பதோடு சரி! சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த அலை, கனமழையையும் ஊடுருவும்.

காற்று மண்டலத்தை உரசிச் செல்லும் அலை சற்றே வளையும். அந்த வளைவிலிருந்து வெப்பமும் ஈரமும் கணிக்கப்படும். 2009 செப்டம்பர் 23-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்தியாவின் ஓஷன்சாட்-2, இதற்கான இத்தாலியக் கருவி ஒன்றைச் சுமந்து சென்றது.

எனினும் ஒன்றை மறவாதீர். 2013 அக்டோபரில் ரிங்லெட்டை அடுத்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் உயிர்களைப் பலி கொண்டது. வானத்துக் கருவி கடலின் சேதியைச் சொல்லும்; மலைச்சரிவில் மரத்தையும் மண்ணையும் காப்பது நம்ம பொறுப்பு. கணிதமும் அறிவியலும் கற்று, இரண்டையும் செய்யும் தலைமுறையாக வளருங்கள்!