கடல் கடந்த படப்பிடிப்பும் காப்புறுதியும்



திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் நாம் நடிகரின் திறமையைப் பேசுவோம். நெறியாளரின் கற்பனையைப் பேசுவோம். பாட்டையும் படப்பிடிப்பையும் பற்றிக்கூடப் பேசுவோம். அப்படம் எடுக்கப்படுமுன்னரே எழுதிக் கையொப்பமிடப்பட்ட கடதாசி ஒன்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதுவே காப்புறுதிப் பத்திரம். பிறநாடு சென்று எடுக்கப்படும் பெரிய படங்களுக்கு அது இல்லாமல் வங்கிகள் பணம் கொடுப்பது அரிது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில், திரைப்படம் என்னும் பொருளின் தன்மையை நோக்குவோம். பாதி கட்டிய வீட்டை விற்கலாம். பாதி விளைந்த பயிரிலும் ஏதோ ஒரு பங்கு கைக்கு வரும். பாதி எடுத்த திரைப்படமோ எவருக்கும் பயன்படாது. கதாநாயகன் இறந்துவிட்டால் அதுவரை எடுத்த சுருள்கள் யாவும் வீணாகலாம். பிறநாட்டிலே படமெடுக்கும்போது இந்த இடர் பன்மடங்காகும். வேலை நடந்தாலும் நடவாவிட்டாலும் விடுதிச் செலவும், வாகனச் செலவும், நூற்றுக்கணக்கானோரின் சம்பளமும் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். புதிய காலநிலை, பழக்கமில்லாத தண்ணீர், அறியாத சட்டம், தூரத்து மருத்துவமனை ஆகிய யாவும் கணக்கிலே சேர்ந்துவிடும்.

இந்நிலை கடலோடிய வணிகரின் நிலையை ஒத்தது. ஆதலால் திரைப்படக் காப்புறுதியின் வேரைத் தேடுவோர் கப்பற் காப்புறுதியிடமே செல்லவேண்டும். 1688ஆம் ஆண்டளவிலே இலண்டன் மாநகரின் டவர் வீதியில் எட்வேர்ட் லொயிட் என்பவர் ஒரு கோப்பிக் கடை நடத்தினார். கப்பற் சொந்தக்காரரும் வணிகரும் அங்கே கூடுவர். ஒரு கப்பலின் பயணத்தை விவரித்து எழுதிய தாளின் கீழே, இழப்பில் இவ்வளவு பங்கை நான் ஏற்கிறேன் என்று செல்வர் கையொப்பமிடுவர். அவ்வழக்கத்திலிருந்தே லொயிட்ஸ் என்னும் உலகப் புகழ்பெற்ற காப்புறுதிச் சந்தை வளர்ந்தது.

அக்காலத்திலே உருவான மூன்று விதிகளை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, இடர்களைப் பெயர் சொல்லி எழுதுதல். 1779ஆம் ஆண்டிலே லொயிட்ஸ் ஏற்றுக்கொண்ட மாதிரிப் பத்திரம் கடற்சீற்றம், நெருப்பு, பகைவர், கடற்கொள்ளையர் என இடர்களை வரிசையாக எண்ணிக் காட்டிற்று. இரண்டாவது, உரிய நலன் இருத்தல். ஒருவருடைய உயிரின்மேல் எவரும் பணம் கட்டிச் சூதாடும் வழக்கம் பெருகியதைக் கண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் 1774ஆம் ஆண்டிலே ஒரு சட்டமியற்றியது. ஒருவரின் உயிரைக் காப்புறுதி செய்வோருக்கு, அவ்வுயிர் வாழ்வதிலே உண்மையான நலன் இருக்கவேண்டும் என்று அது விதித்தது. மூன்றாவது, கப்பல் முற்றாக அழிந்ததென்று முழுத் தொகையும் செலுத்தப்பட்டால், எஞ்சிய உடைசல் பணம் கொடுத்தவருக்கே உரியதாகலாம். இம்மூன்று விதிகளும் இருபதாம் நூற்றாண்டிலே திரைப்படத் தொழிலுக்குள் எவ்வாறு புகுந்தன என்பதை இனிக் காண்போம்.

1951ஆம் ஆண்டிலே வெளிவந்த "த ஆபிரிக்கன் குயீன்" என்னும் படத்தை ஜோன் ஹூஸ்டன் அக்காலத்துப் பெல்ஜியக் கொங்கோவிலும் உகண்டாவிலும் எடுத்தார். குழுவினர் பலர் நோயுற்றனர். கதாநாயகி கதரின் ஹெப்பேர்னும் நோய்க்குத் தப்பவில்லை. கதையின் உயிர்நாடியான சிறு படகே ஒருமுறை நீரில் மூழ்கி, பின்னர் தூக்கியெடுக்கப்பட்டது. இப்படத்துக்கு உத்தரவாதம் அளித்தது 1950ஆம் ஆண்டிலே இலண்டனில் தொடங்கப்பட்ட பிலிம் பினான்சஸ் என்னும் நிறுவனமாகும். இவ்வுத்தரவாதம் காப்புறுதியினின்றும் சற்று வேறானது. நோய், விபத்து, தீ முதலிய குறித்த இடர் நேர்ந்தால் காப்புறுதி நட்டஈடு தரும். நிறைவேற்ற உத்தரவாதமோ, எது நேர்ந்தாலும் படம் முடிந்து கைக்கு வரும் என்று பணம் கொடுத்தவருக்கு வாக்களிக்கும். இன்று சுதந்திரத் தயாரிப்பாளர்கள் பலர் இவ்விரண்டையும் சேர்த்தே பெறுகின்றனர்.

நமது இலங்கைத் தீவும் இவ்வரலாற்றிலே இடம்பெற்றிருக்கிறது. 1953ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பரமவுண்ட் கம்பனியார் "எலிபன்ட் வோக்" என்னும் படத்தை எடுப்பதற்காக இங்கு வந்தனர். கதாநாயகியாக வந்தவர் விவியன் லீ. அவருடைய மனநலம் குன்றியது. ஹொலிவூட்டுக்குத் திரும்பிய பின்னர் அவரால் தொடர்ந்து நடிக்க இயலவில்லை. அவருடைய இடத்துக்கு எலிசபெத் டெய்லர் அமர்த்தப்பட்டார். எனினும் இலங்கையிலே தூரத்திலிருந்து எடுத்த சில காட்சிகளிலே விவியன் லீயே இன்றும் தோன்றுகிறார். அவற்றை மீண்டும் எடுப்பதென்றால் குழு முழுவதும் மறுபடியும் கடல் கடந்து வரவேண்டும் அல்லவா? ஒருவருடைய உடல்நலம் குன்றுவது எவ்வளவு பெரிய இழப்பாக முடியக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

அடுத்த நிகழ்ச்சி இன்னும் துயரமானது. 1958ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி, ஸ்பெயின் நாட்டின் மட்றிட் நகரிலே "சொலமன் அன்ட் ஷீபா" என்ற படத்துக்காக வாட்போர்க் காட்சி ஒன்று எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கதாநாயகன் டைரோன் பவர் மாரடைப்பினால் வீழ்ந்து உயிரிழந்தார். அவருக்கு வயது 44. படத்தின் பெரும்பகுதி அதற்குள் எடுக்கப்பட்டிருந்தது. காப்புறுதிக் கம்பனி பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்திற்று. யூல் பிரின்னர் வந்து அப்பாகங்களைப் புதிதாக நடித்தார். படமும் 1959இலே வெளியாயிற்று. 1774ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய நலன் என்பது யாதென்று இங்கே தெளிவாகக் காணலாம். பவரின் உயிருக்கு எவரும் விலை கூறவில்லை. அவர் இல்லாமையால் மறுபடியும் எடுக்கவேண்டிய காட்சிகளின் செலவே கணக்கிடப்பட்டது. நடிகர் காப்புறுதி எனப்படுவது இதுவேயாகும். படப்பிடிப்புக்கு முன்னர் மருத்துவர் நடிகரைப் பரிசோதிப்பர். பத்திரத்திலே அவருடைய பெயர் எழுதப்படும். இழப்பின் முதற் பங்கு ஒன்றைத் தயாரிப்பாளரே தாங்கவேண்டும் என்றும் விதிக்கப்படும்.

காப்புறுதியாளர் பணம் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. "கிளியோபாத்ரா" படத்தை 1960ஆம் ஆண்டு செப்டெம்பரிலே இங்கிலாந்தின் பைன்வூட் படப்பிடிப்பு நிலையத்தில் தொடங்கினர். எலிசபெத் டெய்லர் அடிக்கடி நோயுற்றார். 1961 மார்ச்சிலே இலண்டனில் உயிருக்குப் போராடும் நிலைக்கு வந்து, தொண்டையிலே சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றப்பட்டார். கதாநாயகியை மாற்றிவிட்டால் இழப்புக் குறையும் என்பது காப்புறுதியாளரின் கருத்து. அவர் இல்லாமற் படமே இல்லை என்பது தயாரிப்பாளரின் கருத்து. இறுதியில் தயாரிப்பாளரின் விருப்பமே வென்றது. நட்டஈடும் ஓரளவு கிடைத்தது. ஆனால் படம் உரோமாபுரிக்கு மாற்றப்பட்டுப் புதிதாகத் தொடங்கப்பட்டபோது ஏறிய செலவுக்கு அத்தொகை எம்மாத்திரம்? 1963இலே படம் வெளிவந்தபோது மொத்தச் செலவு மூன்று கோடி டொலரையும் தாண்டியிருந்தது. பிடிவாதத்தினால் ஏறும் செலவுக்குக் காப்புறுதி கிடையாது என்பதை அத்தொழில் அன்று கற்றுக்கொண்டது.

அதே பாடத்தை வேறு விதமாகக் கற்றவர் பிரான்சிஸ் போர்ட் கொப்பொலா. அவர் "அபொக்கலிப்ஸ் நவ்" படத்தை 1976ஆம் ஆண்டிலே பிலிப்பைன்ஸ் தீவுகளில் தொடங்கினார். அவ்வாண்டு மே மாதத்திலே வீசிய பெரும்புயல் அரங்குகளை அழித்துவிட்டது. 1977 மார்ச்சிலே கதாநாயகன் மார்ட்டின் ஷீனுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அச்செய்தி வெளியே பரவாதபடி நெறியாளர் பெரிதும் முயன்றார். புயலில் அழிந்த அரங்குகளுக்குக் காப்புறுதியிடம் கேட்கலாம். நாட்கள் நீண்டு ஏறிய செலவுக்கு யாரிடம் கேட்பது? கொப்பொலா தம் சொந்தச் சொத்துக்களையே ஈடாக வைத்தார். படம் 1979இலே வெளிவந்து வெற்றி பெற்றமையால் அவர் தப்பினார்.

இனி, கப்பற் காப்புறுதியின் மூன்றாம் விதிக்கு வருவோம். டெரி கிலியம் என்னும் நெறியாளர் 2000ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே ஸ்பெயினின் வறண்ட நிலமொன்றில் டொன் கிஹோத்தே கதையைத் தழுவிய படத்தைத் தொடங்கினார். போர் விமானங்களின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுத்தது. இரண்டாம் நாளிலே திடீர் வெள்ளம் வந்து கருவிகளைச் சேதப்படுத்தியதோடு நிலத்தின் நிறத்தையே மாற்றிவிட்டது. முதுகு நோயினால் முதிய நடிகர் ஜோன் ரொஷ்போர் குதிரையேற முடியாதவரானார். படப்பிடிப்பு நின்றது. காப்புறுதியாளர் நட்டஈடு கொடுத்தபோது, திரைக்கதையின் உரிமை அவர்கள் கைக்குச் சென்றது. மூழ்கிய கப்பலின் உடைசல் பணம் கொடுத்தவருக்கு உரியதானதைப் போலவே, ஒரு கலைஞனின் நிறைவேறாத கதையும் ஆயிற்று. தாம் எழுதிய கதையைத் திரும்பப் பெறுவதற்குக் கிலியம் பல ஆண்டுகள் காத்திருந்தார். படம் முடிந்து மக்கள்முன் வந்தது 2018ஆம் ஆண்டிலேதான். அன்று முதன்மைப் பாத்திரத்தை ஏற்கவிருந்த ரொஷ்போர் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

பெயர் சொல்லி எழுதிய இடருக்கே பணம் உண்டு என்னும் முதல் விதி 2020ஆம் ஆண்டிலே உலகை உலுக்கிற்று. "மிஷன் இம்பொசிபிள்" தொடரின் ஏழாவது படம் அவ்வாண்டு பெப்ரவரியிலே இத்தாலியின் வெனிஸ் நகரில் தொடங்கவிருந்தது. கொரோனாப் பெருந்தொற்று அதை நிறுத்தியது. ஏற்பட்ட இழப்பு உயர்ந்த தொகை கொண்ட நடிகர் காப்புறுதியில் அடங்குமா, அரசாணையால் வரும் தடை என்ற சிறிய தொகையில் அடங்குமா என்று 2021இலே பரமவுண்ட் கம்பனி தன் காப்புறுதியாளர்மீது வழக்குத் தொடுத்தது. அதற்கிடையில் புதிய பத்திரங்களிலே தொற்றுநோய் விலக்கப்பட்டது. காப்புறுதி இல்லாமற் படத்தொழிலே தொடங்க முடியாத நிலை கண்டு பிரித்தானிய அரசாங்கம் 2020 ஜூலையிலே 50 கோடி பவுண் கொண்ட திட்டமொன்றை அறிவித்தது. தனியார் ஏற்க மறுத்த இடரை அரசு ஏற்கவேண்டியதாயிற்று.

நேயர்களே, இதுவரை பெரிய நடிகரையும் பெரிய கம்பனிகளையும் பற்றிக் கூறினேன். இவ்வரலாற்றிலே நாம் சிந்திக்கவேண்டிய பகுதி இன்னும் ஒன்று உண்டு. நடிகர் காப்புறுதியிலே பெயர் எழுதப்படுவோர் மிகச் சிலரே. எவர் இல்லாவிட்டால் படம் நின்றுவிடுமோ அவர் பெயர் அங்கே இருக்கும். மரந்தூக்குவோர், சமைப்போர், சாரதிகள், கூட்டத்திலே நிற்போர் ஆகியோரின் பெயர் அங்கே இராது. ஒருவர் வீழ்ந்தால் மற்றொருவர் அவ்விடத்துக்கு வரலாம் என்பதே காப்புறுதிக் கணக்கு. ஆனால் அவருடைய குடும்பத்தில் அவருடைய இடத்துக்கு வருவோர் யார்?

டேவிட் லீன் எடுத்த "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்" படத்துக்காகக் கித்துல்கலையிலே களனி கங்கையின் குறுக்கே பெரிய மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1957 மார்ச் 10ஆம் தேதி பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டீ. பண்டாரநாயக்க முன்னிலையிலே அதனைத் தகர்க்க ஏற்பாடாயிற்று. படப்பிடிப்பாளர் ஒருவர் பாதுகாப்பான இடத்தை அடையாமையால் நெறியாளர் வெடியை நிறுத்தினார். புகைவண்டி பாலத்தைக் கடந்து சென்று மின்னாக்கி இயந்திரத்தில் மோதிற்று. அது செப்பனிடப்பட்டு, மறுநாளே பாலம் தகர்க்கப்பட்டது. ஒரு மனிதருக்காக அப்பெருஞ் செலவுக் காட்சியை நிறுத்தியது போற்றத்தக்கது. ஆயினும் அதே படத்தின் வேலைக்காகப் பயணஞ் செய்த உதவி நெறியாளர் ஒருவர் நம் நாட்டுத் தெருவிலே வாகன விபத்தில் உயிரிழந்தார் என்பதையும் மறத்தலாகாது. படப்பிடிப்பின் ஆபத்து வெடிமருந்திலே மட்டும் இருப்பதன்று. நாள்தோறும் செல்லும் பாதையிலும் இருக்கிறது.

அத்தகைய படப்பிடிப்பிலே வேலைசெய்யும் நம்மவருக்கு எது பாதுகாப்பு? கதாநாயகியின் காப்புறுதி அவருடனேயே கடல் கடந்து வருகிறது. கூலியாளின் பாதுகாப்போ அவர் நிற்கும் மண்ணின் சட்டத்திலேதான் இருக்கிறது. நமது நாட்டிலே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு வேலைகொள்வோர் ஈடு செலுத்தவேண்டும் என்று கூறுகிறது. பிறநாட்டுக் கம்பனி உள்ளூர்க் கம்பனி ஒன்றை அமர்த்த, அது ஒப்பந்தக்காரர் ஒருவரை அமர்த்த, அவர் கூலியாளை அமர்த்தும்போது, வேலைகொள்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. படக்குழு விமானமேறிச் சென்றபின் அக்கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. ஆதலின் அனுமதி வழங்குவோரும், ஆட்களைத் திரட்டுவோரும், வேலைக்குச் செல்வோரும் முதல் நாளே அதைக் கேட்டு எழுத்திலே பெறுதல் வேண்டும்.

எழுதப்பட்ட இடரையும் எழுதப்பட்ட பெயரையுமே காப்புறுதி காக்கும் என்பதை முந்நூறு ஆண்டு வரலாறு நமக்குக் காட்டுகிறது. அழகிய மலைகளையும் ஆறுகளையும் தேடிப் படக்குழுவினர் நம் நாட்டுக்கு வரட்டும்; நம்மவருக்கு வேலையும் வருவாயும் கிடைக்கட்டும். அவர்கள் கொண்டுவரும் பத்திரத்திலே நம் தொழிலாளருக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.