ஒரு ஒளித்துகளுக்குப் பேர் விழுந்த கதை

செப்டெம்பர் மாதம், கச்சான் காற்று இன்னும் ஓயாத அதிகாலை நாலு மணி. பதுளையில் மேகம் விலகியிருந்தால் தெற்கே திரும்பி, பாதி வானத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. ஃபோர்னாக்ஸ் என்ற மங்கலான நட்சத்திரக் கூட்டம் நிற்கும் இடம் அது. பிரகாசமான விண்மீன் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஹபிள் தொலைநோக்கி 2003, 2004ஆம் ஆண்டுகளில் நாட்கணக்காக உற்றுப் பார்த்தது இந்த வெறும் இடத்தைத்தான். அங்கே ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து புறப்பட்ட ஒரேயொரு ஒளித்துகளின் வரலாறு இது.

பிறப்பு, ஏறத்தாழ 930 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த மண்டலத்துக்குப் பிற்காலத்தில் மனிதர் வைத்த பெயர் ஏ.யூ.டி.எஃப்.எஸ்.01. இளம் வயதில் கொதித்துக்கொண்டிருந்த விண்மீன் ஒன்றிலிருந்து துகள் கிளம்பியபோது அதன் அலைநீளம் ஏறத்தாழ 64 நனோமீற்றர். கடுமையான புற ஊதா ஒளி அது. அப்படிப்பட்ட துகளுக்கு ஆயுள் கெட்டியில்லை. 91 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி எதிர்ப்பட்டால் ஐதரசன் அணு அதை விழுங்கி, தன் இலத்திரனை வெளியே தள்ளிவிடும். விண்மீன் பிறக்கும் இடமெல்லாம் ஐதரசன் முகில்கள்தான். ஆகவே இத்தகைய ஒளியில் பெரும்பகுதி பிறந்த ஊரின் எல்லையைத் தாண்டுவதில்லை. நம் துகள் தாண்டியது. முகிலில் எங்கோ ஒரு விரிசல் இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தப்பித்தலுக்கு அறிவியலில் பெரிய மதிப்பு உண்டு. பிரபஞ்சம் பிறந்து முதல் நூறு கோடி ஆண்டுகளுக்குள், எங்கும் நிறைந்திருந்த ஐதரசன் வாயு உடைந்து அயனாகியது. உடைத்தது யார் என்ற வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. சிறு விண்மீன் மண்டலங்களிலிருந்து கசிந்த புற ஊதா ஒளிமீதே சந்தேகம் அதிகம். அந்தக் காலத்து மண்டலங்களில் இந்தக் கசிவை நேரடியாக அளக்க வழியில்லை, இடையிலுள்ள வாயு அதை மறைத்துவிடுகிறது. அவற்றைப் போலவே கசியும் பிற்கால மண்டலம் ஒன்று அகப்பட்டால் அதுதான் சாட்சி.

துகள் வந்தது. பிரபஞ்சம் விரிய விரிய அதுவும் நீண்டது. பாதி வழியைத் தாண்டும் நேரத்தில் இங்கே சூரியனும் பூமியும் உருவாகின. ஊவா மலைகளின் பாறைகள் நிலத்தடியில் வெந்து உருமாறிய காலத்தில், அதாவது 55, 60 கோடி ஆண்டுகளுக்கு முன், அது பதினாறில் பதினைந்து பங்கு தூரத்தைக் கடந்திருந்தது. 1924இல் பதுளைக்கு முதல் ரயில் வந்தபோது துகள் 92 ஒளியாண்டு தொலைவில். 1948இல் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது 68. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு அந்த மக்களைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்தபோது 52. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது வெறும் 13. இந்த மலைகளின் வரலாற்றுக்கும் அந்தத் துகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தாலும் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வந்து சேர்ந்தபோது அதன் அலைநீளம் ஏறத்தாழ 154 நனோமீற்றராகியிருந்தது. பிறந்தபோது இருந்ததைப் போல 2.42 மடங்கு. நேராகத் தரைக்கு வந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். புற ஊதாவைத் தடுப்பது ஓசோன் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இந்த அலைநீளத்துக்கு ஓசோன்வரை வரவே தேவையில்லை. நாம் மூச்சிழுக்கும் அதே சாதாரண ஒட்சிசன், நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே அதை முடித்துவிடும். நமுனுகுல உச்சியில் எத்தனை பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் இந்த ஒளி கிடைக்காது. காற்றுக்கு மேலே போயே ஆகவேண்டும்.

போயிருந்தது அஸ்ட்ரோசற். இந்தியா 2015 செப்டெம்பர் 28இல் சிறீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய விண்வெளி ஆய்வகம். ஹபிளைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை இல்லை. நம் தலைக்கு மேலேயே போய்வரும் இதைப் பற்றி எழுதியவர் குறைவு. தலைக்கு மேலே என்பது அலங்காரப் பேச்சல்ல. அதன் சுற்றுப்பாதை பூமத்திய ரேகைக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்தது, உயரம் 650 கிலோமீற்றர். தென் அத்திலாந்திக்குக்கு மேலே கதிர்வீச்சு மிகுந்த பகுதி ஒன்று உண்டு. அதன் பாதிப்பை முடிந்தவரை குறைக்கவே இவ்வளவு தாழ்ந்த சாய்வைத் தேர்ந்தெடுத்தார்கள். பதுளை இருப்பது வடக்கே 7 பாகைக்குச் சற்றே குறைய. ஆகவே சில சுற்றுகளில் அது ஏறக்குறைய நம் உச்சியில் போகும், மற்றவற்றில் தெற்கே தாழ்ந்து போகும். எப்படிப் போனாலும் நம் அடிவானத்துக்கு மேலேதான். நாளொன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு தடவை.

2016 ஒக்டோபரில் அதன் புற ஊதாத் தொலைநோக்கி ஃபோர்னாக்ஸ் பக்கம் திரும்பியது. பூமியின் நிழலுக்குள் நுழையும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மொத்தம் 28 மணி நேரத்துக்கு மேல் பார்த்தது. கண்ணாடியின் அகலம் 38 சென்ரிமீற்றர்தான். ஹபிளுடையது 2.4 மீற்றர்.

துகள் அந்தச் சிறிய கண்ணாடியில் தெறித்து, உணர்கருவியின் முகத்தில் பூசியிருந்த சீசியம் அயடைட்டில் மோதி மறைந்தது. 930 கோடி ஆண்டுப் பயணம் அங்கே முடிந்தது. மோதிய இடத்திலிருந்து ஓர் இலத்திரன் எழும்பியது. நுண்துளைத் தட்டு ஒன்றுக்குள் புகுந்து அது பெருங்கூட்டமாகப் பெருகி, பின்னாலிருந்த திரையில் ஒரு மினுக்கத்தை உண்டாக்கியது. நொடிக்கு 29 படம் எடுக்கும் கமெரா அதைப் பிடித்தது. மினுக்கத்தின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, இந்தப் படத்தில் இந்த இடத்தில் ஒரு துகள் என்று கணினி ஒரு வரி எழுதியது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தானதும் செக்றோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் விழுவதைப் போலத்தான். ஆனால் இங்கே அரைநாள் சம்பளத்துக்கான அரைப்பேர் கிடையாது. ஒரு துகள் என்றால் முழுப்பேர்.

சிறிய கண்ணாடிக்கு அனுகூலமாக இருந்ததும் இந்த ஒவ்வொன்றாய் எண்ணும் முறைதான். இந்த உணர்கருவியில் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. விரல்விட்டு எண்ணும்படி வந்த துகள்களும் இரைச்சலுக்குள் தொலைந்துபோகவில்லை. ஹபிள் பார்த்துவைத்திருந்த மண்டலம்தான். ஆனால் இந்தக் கசிவு அஸ்ட்ரோசற்றுக்கே அகப்பட்டது.

வரிகள் பெங்களூருக்கு அருகிலுள்ள பியாலாலு நிலையத்துக்கு இறங்கின. செயற்கைக்கோள் நம் மலைகளுக்கு மேலே இருக்கும்போது பியாலாலுவின் பார்வைக்குள்ளும் இருக்கும், அவ்வளவு கிட்ட. பிறகு கீழே பொறுமை தேவைப்பட்டது. செயற்கைக்கோள் மெல்ல ஆடிக்கொண்டே பார்ப்பதால் ஒவ்வொரு வரியையும் அந்த ஆட்டத்துக்கு ஏற்பத் தள்ளி வைக்க வேண்டும். அதை அளக்கக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் விண்மீன்களைப் பின்தொடரும் தனிக் கமெரா உண்டு. பூனேயிலுள்ள ஐயூக்கா நிறுவனத்தின் கனக் சாகாவும் பல நாட்டுச் சக ஆய்வாளர்களும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இதிலே செலவிட்டார்கள். பக்கத்து மண்டலத்து ஒளி தவறி விழுந்ததல்ல, இரைச்சலும் அல்ல என்று உறுதிசெய்தார்கள். நேச்சர் அஸ்ட்ரோனமி இதழ் 2020 ஓகஸ்ட் 24இல் முடிவை வெளியிட்டது. அந்த மண்டலத்தில் பிறக்கும் அயனாக்கும் ஒளியில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு வெளியே தப்பிவிடுகிறது.

2018இலிருந்து அஸ்ட்ரோசற்றின் தரவுக் களஞ்சியம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கவனிப்பு நடத்தியவர்களுக்கான தனியுரிமைக் காலம் கழிந்ததும், பதிவுசெய்துகொள்ளும் எவரும் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்து ஜோ போஸ்ட்மா எழுதிய சிசிடிலாப் என்ற மென்பொருள், வரிகளைப் படமாக்கித் தரும். அதுவும் இலவசம். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலிருந்தோ, அப்புத்தளையில் ஒரு லயத்து வீட்டிலிருந்தோ எடுத்தாலும் அதே கோப்புதான். தடை இருப்பது வேறிடத்தில். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. வீட்டில் கைபேசி இருக்கும், கணினி இருக்காது. திறந்த தரவு என்று பெருமைப்படுகிறவர்கள் பௌதிகவியல் ஆசிரியர் வெற்றிடங்களையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

வழி கிடைக்கிற பிள்ளை கசியும் மண்டலத்தில் தொடங்க வேண்டியதில்லை. தொலைநோக்கி ஒரு தடவையில் பார்க்கும் வட்டம் ஏறக்குறைய முழுநிலவின் அகலம். அதற்குள், நமது பால்வெளியைச் சேர்ந்த விண்மீன்களும் குறுக்கே நிற்கின்றன. சாகாவின் குழுவுக்கு அவை தேவைப்படாதவை. புற ஊதாவில் மினுங்கும் புள்ளிகளை ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா ஆய்வகம் இலவசமாகத் தரும் 180 கோடிப் பொருட்களின் பட்டியலோடு ஒப்பிடலாம். கையா, வானில் ஒவ்வொரு புள்ளியும் இடம் பெயர்வதை அளந்து வைத்திருக்கிறது. நகர்ந்தால் அது கிட்டத்து விண்மீன். அசையாமல் நின்றால் தொலைவிலுள்ள மண்டலமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரித்து முடித்தபின், நகர்ந்தவற்றில் எது வெண்குறளி, எது சாதாரணச் சூடான விண்மீன் என்பதை நிறத்தையும் உண்மையான பிரகாசத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.