மலையைப் பிளந்த துளி, மார்பைக் காத்த துளி

திங்கட்கிழமைக் காலை, மணி ஏழரை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையோரத்திலே உள்ள ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீடு. பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலே சாய்கிறார். நெற்றியிலே குளிர்ந்த வியர்வை, தோளிலே இழுப்பு, தாடையிலே வலி. வீட்டார் கூடுகின்றனர்.

"வாயுதான், ஓமத் தண்ணீர் கொடு" என்கிறார் ஒருவர். "நேற்றுக் கலியாண வீட்டிலே யார் கண் பட்டதோ, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு" என்கிறார் மற்றொருவர். "இராகு காலம் இப்போதுதான் பிறந்திருக்கிறது, ஒன்பது மணி ஆகட்டும், புறப்படலாம்" என்கிறார் மூன்றாமவர்.

மூவரும் அன்புடையோர்தாம். அங்கே அன்புக்குக் குறைவில்லை; அறிவுக்குத்தான் இடமில்லை. இராகு காலம் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. இரத்தம் எட்டாத இதயத் தசையோ நிமிடத்துக்கு நிமிடம் மடிந்துகொண்டிருக்கிறது!

நாம் கற்பனையாகக் காட்டிய வீடு இது. ஆனால் இத்தகைய வீடு இல்லாத தெரு எது? அந்த வீட்டு அலமாரியிலே ஒரு சிறு குப்பி இருக்கிறது. மருத்துவர் என்றோ எழுதித் தந்தது. நாவின் அடியிலே ஒரு தெளிப்பு. ஓரிரு நிமிடங்களிலே அடைந்த நெஞ்சுக்குச் சற்று வழி பிறக்கும். அந்தக் குப்பி எங்கிருந்து வந்தது? எந்த முனிவர் வரம் தந்தார்? எந்த ஏட்டுச் சுவடியிலே அது எழுதியிருந்தது? வரலாற்றைக் கேளுங்கள், தோழர்களே!

1847ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டுத் தூரின் நகரிலே அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் வேதியியல் அறிஞர், நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையிலே கிளிசரினைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார். எண்ணெய் போன்றதொரு நீர்மம் கிடைத்தது. சூடேறினால் வெடித்தது. அதிலே மிகச் சிறிதளவை நாவிலே வைத்துப் பார்த்தார். தலை பிளப்பதுபோல் வலித்தது. இதுதான் நைட்ரோகிளிசரின்.

இந்தத் தலைவலிச் செய்தி இரு வகை மனிதர்களின் காதிலே விழுந்தது. அமெரிக்காவிலே ஓமியோபதி மருத்துவர் கான்ஸ்டன்டின் ஹெரிங், அதைப் பலருக்கு நாவிலே கொடுத்துப் பார்த்தார். 'நோயை உண்டாக்குவதே நோயைத் தீர்க்கும்' என்பது அவர் ஏற்றிருந்த கோட்பாடு. தலைவலி தருகிறதா, அப்படியானால் தலைவலிக்கு இதுவே மருந்து என்று முடிவு கட்டினார். கண்முன்னே உண்மை கிடந்தது. கோட்பாடு அவரை வேறு பக்கம் இழுத்துச் சென்றது.

பிரிட்டனிலே மற்றொரு காட்சி. நெஞ்சை நெரிக்கும் வலியை வில்லியம் ஹெபர்டன் 1768லேயே தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால் விளக்கம் இருந்ததே தவிர, விடிவு இல்லை. 1867இல் எடின்பரோ நகரிலே லாடர் பிரண்டன் என்ற இளம் மருத்துவர், அமைல் நைட்ரைட் என்ற மருந்தை முகரச் செய்து அந்த வலியைத் தணித்தார். வயது இருபத்து மூன்று! நெடுநாள் மரபு கைவிட்ட நோயாளிக்கு, நேற்று வந்த இளைஞன் வழி கண்டான்.

நைட்ரோகிளிசரினைப் பற்றியோ மருத்துவர்களிடையே பூசல். 1858இல் ஃபீல்டு என்பவர், இரண்டு துளியே ஆளை ஆட்டிவிடுகிறது என்றார். நாங்கள் உண்டு பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்றனர் வேறு சிலர். யார் சொல் மெய்? யார் மூத்தவர், யார் பட்டம் பெரிது என்று பார்த்திருந்தால் பூசல் இன்றும் நடந்துகொண்டிருக்கும். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் மரல், சொல்லை விட்டுச் செயலுக்குச் சென்றார். நூற்றுக்கு ஒரு பங்காகக் கரைத்த மருந்துக் குப்பியின் ஈரத் தக்கையைத் தம் நாவிலே தொட்டார். தலையிலே நாடி அடித்தது, இதயம் துள்ளியது, கையிலிருந்த பேனா ஒவ்வொரு துடிப்புக்கும் அசைந்தது. பலமுறை தம்மீதே சோதித்தார். பிறகு 35 பேரிடம் சோதித்தார். அதன் பின்னரே நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1879இல் 'லான்செட்' ஏட்டிலே முடிவை வெளியிட்டார். நெஞ்சுவலிக்கு மருந்து கிடைத்தது!

ஏன் நாவின் அடியிலே? விழுங்கினால் ஆகாதா? ஆகாது. வயிற்றுக்குள் சென்ற மருந்து குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் ஒரு கண்டிப்பான சுங்கச்சாவடி. நைட்ரோகிளிசரினில் பெரும் பகுதியை அங்கேயே சிதைத்துவிடும். நாவின் அடித்தோலோ மெல்லியது. அதன் கீழே இரத்தக் குழாய்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அங்கே உறிஞ்சப்படும் மருந்து கல்லீரலைக் கடக்காமலே இதயத்தை அடைகிறது. உடலின் குழாய்களைத் தளர்த்துகிறது, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, பளு இறங்குகிறது, வலி தணிகிறது.

அளவு எவ்வளவு? ஒரு தெளிப்பிலே 0.4 மில்லிகிராம். ஒரு கிராமை 2,500 கூறாக்கினால் அதில் ஒரு கூறு! அது வெடிக்காது, அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் இதே பொருள் வெடித்த கதையும் உண்டு. 1864இல் ஸ்டாக்ஹோம் நகரிலே நோபல் குடும்பத்தின் ஆலை வெடித்தது. ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமில் மாண்டார். 1867இல் நோபல் அந்த நீர்மத்தைக் களிமண் போன்றதொரு பொருளிலே ஊறவைத்து டைனமைட்டாக்கினார். ஆல்ப்ஸ் மலை துளைக்கப்பட்டது. நம் நீலகிரியிலும் அதன் வாரிசு வந்தது. குன்னூரை அடுத்த அருவங்காட்டிலே வெள்ளையர் ஆட்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நிறுவிய தொழிற்சாலைக்குக் கார்டைட் ஆலை என்றே பெயர். கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினோடு வெடிபஞ்சு கலந்த வெடிமருந்து. துப்பாக்கிக் குழலிலே அது சாவைச் செலுத்தும். துளியினும் துளியாக நாவின் அடியிலே வைத்தால் வாழ்வைச் செலுத்தும். பொருளிலே புனிதமும் இல்லை, பாவமும் இல்லை. அளவும் அறிவும்தான் அதை ஆள்கின்றன.

நோபலுக்கே கடைசிக் காலத்திலே இதயநோய் வந்தது. 1896இல் மருத்துவர்கள் அவருக்கு எழுதித் தந்த மருந்து எது தெரியுமா? நைட்ரோகிளிசரின்! மக்கள் மிரளக்கூடாதென்று அதற்கு ட்ரைநைட்ரின் என்று வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று, விதியின் கேலியாக அதை எண்ணி, நண்பருக்கு எழுதினார். விதியின் கேலி அன்று அது, வேதியியலின் வெற்றி!

வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்க்கும் இதிலே பங்குண்டு. ஞாயிறு ஓய்ந்து திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்தால் அவர்களுக்குத் தலைவலி. நாள் செல்லச் செல்லக் குறையும். அடுத்த திங்களன்று மீண்டும் வரும். நம் ஊராயிருந்தால் திங்கட்கிழமைக்கே தோஷம் கற்பித்திருப்போம்! ஆய்ந்தவர்கள் கண்டது வேறு: காற்றிலே கலந்த மருந்து குழாய்களை விரிக்கிறது, உடல் அதற்குப் பழகுகிறது, ஒரு நாள் விலகினால் பழக்கம் போய்விடுகிறது. கிழமையிலே இல்லை குற்றம், காற்றிலே இருந்தது.

குழாய்கள் ஏன் தளர்கின்றன என்பது அதன் பிறகும் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1977இல் ஃபெரிட் முராட், இம்மருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகிறது என்று காட்டினார். அதே வாயுவை நம் இரத்தக் குழாய்களே உண்டாக்குகின்றன என்பதை ஃபர்ச்காட், இக்னாரோ ஆகியோரின் ஆய்வுகள் நிறுவின. 1998இல் மூவருக்கும் பரிசு கிடைத்தது. எந்தப் பரிசு? நோபல் பரிசு!

முதலில் துளி; பிறகு மாத்திரை; அதன் பின் தெளிப்பு. நைட்ரோகிளிசரின் மாத்திரை காற்றிலும் வெப்பத்திலும் வீரியம் இழக்கும்; சட்டைப் பையிலே தாளில் மடித்து வைத்தால் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். முதியோர் வாய் உலர்ந்திருந்தால் கரையவும் தாமதிக்கும். மூடிய குப்பியிலே இருக்கும் தெளிப்பு மருந்துக்கு இந்தக் குறைகள் குறைவு; நெடுநாள் வீரியம் நிற்கும். நம் ஊரிலே பலர் நாவின் அடியிலே வைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

விரைவு மட்டும் போதாது, பாதுகாப்பும் வேண்டும். மருத்துவர் எழுதித் தந்தவரே இதைப் பயன்படுத்த வேண்டும். அண்டை வீட்டாருக்குக் கடன் கொடுக்கும் பண்டம் அல்ல. உட்கார்ந்துகொண்டுதான் தெளிக்க வேண்டும். நின்றால் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். மூச்சோடு உள்ளிழுக்கக் கூடாது. சில்டெனஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மாத்திரை உண்டவர் இதைத் தொடவே கூடாது; அதை உண்டோம் என்பதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டால் உயிரே விலையாகும். ஐந்து நிமிடத்திலே வலி தீராவிட்டால், 108க்கு அழைப்பு! வலி தீர்ந்துவிட்டது என்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. குப்பி மருத்துவமனைக்கு மாற்று அன்று. அங்கே போய்ச் சேரும்வரை துணை.

அந்த ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டிலிருந்து சிறிது தொலைவிலே தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளர்க்காக நிறுவியது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு, இவையே அன்று மருத்துவம். மருந்து இல்லாத காலம் அது. மருந்து வந்த பின்னும், சானடோரியத்திலே கிடந்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியது. 1956இல் சென்னையிலே தொடங்கிய ஆய்வு, குடிசையிலே இருந்தபடி மருந்துண்ட ஏழையும் அவ்வாறே குணமடைகிறான் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. மருந்து மனிதனைத் தேடி வரலாம் என்று மெய்ப்பித்தது நம் சென்னை! 2023 ஜூன் திங்களிலே தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், மாரடைப்புக்கான முதல் மருந்துகளைச் சிற்றூர்ச் சுகாதார நிலையங்களிலும் இருப்பில் வைத்தது. அதுவும் அந்த வழியிலே ஓர் அடி.

மருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. சட்டைப் பைக்கும் வந்துவிட்டது. நாவின் அடிக்கு வரவேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பது எது? உப்பும் மிளகாயும், பஞ்சாங்கத்து ஒன்றரை மணியும்!

இளைஞனே! உன் தெருவிலே நாளை ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். பத்துப் பேர் பத்து யோசனை சொல்லும் அந்த வேளையிலே, "அவருக்கு மருத்துவர் தந்த குப்பி எங்கே? உட்கார வையுங்கள். 108க்குப் பேசுங்கள்" என்று சொல்லும் பதினோராவது குரல் உன்னுடையதாகட்டும்.